பியானோ நோட்டை ஹார்ப்பில் வாசிப்பது: கேள்வி பதில்

கே: மேடம், பத்து வருடம் பியானோ வாசித்தவள், இப்போது பெடல் ஹார்ப் கற்கிறேன். டெபுஸ்ஸியின் 'கிளேர் டி லூன்' பியானோ இசை அதில் சரிவருமா?

ப: தாராளமாக. டி ஃபிளாட் மேஜர், ஐந்து ஃபிளாட் (அரைச்சுரம் இறக்கியவை). பியானோவில் மிரட்டும் இந்த ஸ்கேல் ஹார்ப்புக்குத் தாய்வீடு. ஒவ்வொரு சுரப்பெயருக்கும் ஒரு கால் பெடல், அதற்கு மூன்று படி: மேலே இருந்தால் தந்தி ஃபிளாட், நடுவில் நேச்சுரல் (ஏற்றாமல் இறக்காமல்), கீழே ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றியது). ஃபிளாட்டில் தந்தி முழு நீளத்துக்கும் அதிரும், நாதம் கூடும்.

சிக்கல், நடுவில் நான்கு ஷார்ப்புக்கு மாறும் இடம். நோட்டில் உள்ளபடி அந்த நான்கு ஷார்ப் ஸ்கேலை, அதாவது இ மேஜரை, வைக்கப் போனால் ஏழு பெடலையும் நகர்த்த வேண்டும். வேண்டாம். சி, எஃப் இரண்டை மட்டும் ஒரு படி மேலே விடுங்கள். எஃப் ஃபிளாட்தான் இ, சி ஃபிளாட்தான் பி. டி ஃபிளாட் தந்தியே சி ஷார்ப், ஏ ஃபிளாட் தந்தியே ஜி ஷார்ப். சி பெடல் இடது காலுக்கு, எஃப் வலது காலுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பும். ஏ நேச்சுரல் வந்தால் மட்டும் ஏ பெடலை இறக்கி ஏற்ற வேண்டும்.

தந்தி ஒலிக்கும்போது அதன் பெடலைத் தொடாதீர்கள். 'ஜிர்ர்' என்று இரையும்.

கே: சுண்டுவிரலுக்கு எந்த நோட்டு?

ப: எதுவும் இல்லை. ஹார்ப்பில் கைக்கு நான்கு விரல்தான்.

கே: என்னிடம் லீவர் ஹார்ப். சாட்டியின் பியானோ இசை, முதல் ஜிம்னோபெடி, சரிவருமா?

ப: நல்ல தேர்வு. லீவர் ஹார்ப்பில் பெடல் இல்லை; தந்திக்கு மேலுள்ள லீவரைக் கையால் ஏற்றினால் அரைச்சுரம் கூடும். இ ஃபிளாட் மேஜரில் சுருதி சேர்த்திருந்தால் இ, எஃப், ஏ, பி, சி லீவர்களை ஏற்றுங்கள்; டி மேஜர் வந்துவிடும். அடித்தந்தி ஜி-யை மீட்டியதும் அது அடுத்த டி-யின் மேல் படரும். பியானோவில் டாம்பர் (ஒலியை அடக்கும் கட்டை) அணைக்கும், இங்கே உங்கள் உள்ளங்கைதான். லீவருக்கும் அதே எச்சரிக்கை: ஒலிக்கும் தந்தியில் தட்டாதீர்கள்.

கே: பெடல் ஹார்ப்பில் ஒரே நோட்டு வேகமாகத் திரும்பத் திரும்ப வந்தால்?

ப: அதிரும் தந்தியில் விரல் பட்டால் ஒலி செத்துவிடும். பக்கத்துத் தந்தியை அதே சுரத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றி மீட்டுங்கள்: பி ஷார்ப்பும் சி-யும் ஒரே ஒலிதான். டி, ஜி, ஏ நேச்சுரல்களுக்கு மட்டும் இந்த இரட்டை கிடையாது.

கே: சுண்டுவிரலைப் பழக்கினால் ஐந்து சுரக் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) ஒரு கையால் வாசிக்கலாமே?

ப: முடியாது. மேலே சொல்லிவிட்டேன். ஒரு சுரத்தை விடுங்கள்.

கே: விடுவதா? அது இசையமைப்பாளருக்குச் செய்யும் துரோகம். எழுதியதை மாற்ற நமக்கு என்ன உரிமை?

ப: இதற்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பியானோ மேதை லிஸ்ட், பீத்தோவனின் ஒன்பது சிம்பொனியையும் பியானோவுக்கு மாற்றினார். ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைப் பத்து விரலுக்குள் கொண்டுவரும்போது எவ்வளவு விட்டிருப்பார்! பியானோவுக்கு 88 கட்டை, ஹார்ப்புக்கு 47 தந்தி. எல்லாவற்றையும் திணித்தால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மெட்டே மூழ்கும். அப்படி மூழ்கடிப்பதுதான் எனக்குத் துரோகமாகப் படுகிறது.

கே: அப்படியென்றால் அதைப் பியானோவிலேயே வாசித்துவிடலாமே?

ப: பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்பில் விரல் சதையே தந்தியைத் தொடுகிறது. அந்த ஒலிக்காகத்தான் இத்தனை பாடு.

கே: கார்டில் எதை விடுவது?

ப: இரட்டித்து வருவதை. சி, இ, ஜி, சி, இ என்றால் உள்ளே இருக்கும் சி போகட்டும். மேல் இ மெட்டு, அடி சி ஆதாரம், அவற்றைத் தொடாதீர்கள்.