இருமலை மறைத்து ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். நாலு வயது மகனுக்கு அடுத்த வாரம் கோவையில் குடலிறக்க ஆபரேஷன். போன வாரம் காய்ச்சல் வந்தது, இப்போது ராத்திரி இருமல் மட்டும் இருக்கிறது. “சொன்னால் தேதி போய்விடும், வாயைத் திறக்காதீர்கள்” என்கிறார் ஏற்பாடு செய்துகொடுத்தவர். மயக்க மருந்தைப் பிள்ளை தாங்குவானா?

பதில்: அந்த ஆள் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரங்களுக்குக் குழந்தையின் மூச்சுக்குழாய் சட்டென்று இறுகிக்கொள்ளும் நிலையில்தான் இருக்கும். மயக்கத்தில் குரல்வளை மூடிக்கொண்டால் காற்றே உள்ளே போகாது. தண்ணீராய் மூக்கு ஒழுகினால் பெரும்பாலும் ஆபரேஷனைச் செய்துவிடலாம். நெஞ்சுச்சளி, இருமல், இளைப்பு இருந்தால் 2 முதல் 4 வாரம் தள்ளிப்போடுவோம். குடலிறக்கம் அதுவரை பொறுக்கும். வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக இறுகி, பிள்ளை வாந்தி எடுத்தால் மட்டும் உடனே ஓடுங்கள்.

தேதி தள்ளினால் அவருக்குக் கமிஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இவரைப் போன்ற தரகர்கள் முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி மலைக்குடும்பங்களிடம் காசு பிடுங்குகிறார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள், அந்த அனுமதியை ஆஸ்பத்திரியே வாங்கும். “பிள்ளை அழுதால் ஒரு பன் கொடுங்க” என்பதும் இவர்கள்தான். அதை நம்பிப் பெற்றோர், மலை இறங்கி மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிற்கும்போது பாலில் ரஸ்க் நனைத்து ஊட்டிவிடுவார்கள். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சாப்பாடும் மாட்டுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

நீலகிரிக்காரர்களிடம் இன்னொன்றையும் கட்டாயம் கேட்பேன். உங்கள் வீட்டில், தாய்வழியிலோ தந்தைவழியிலோ, யாருக்காவது அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்தநோய் உண்டா? இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. நோய் உள்ள பிள்ளைக்குக் குளிரும், தண்ணீர்ச்சத்துக் குறைவும், ஆக்ஸிஜன் குறைவும் ஆகாது. ரத்த அணுக்கள் வளைந்து ரத்தக்குழாயை அடைத்துவிடும். சோதனை அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முன்பே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மரபணுக் குறை இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒருவர் வழியில் மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பல இடங்களில் மயக்க மருத்துவர் பிள்ளையை முதன்முதலாகப் பார்ப்பதே ஆபரேஷன் அன்று காலையில்தான். இத்தனை தூரம் இறங்கி வருகிறவர்களை இப்படி நடத்துவது அநியாயம், எத்தனை சொன்னாலும் மாறவில்லை. நீங்கள் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மயக்க மருத்துவரையே கேட்டு வாங்கி இருமலைச் சொல்லுங்கள். தள்ளிப்போடுவதாக இருந்தால் வண்டிச் செலவாவது மிஞ்சும்.