வீட்டிலிருந்தே டிரேடிங் செய்ய எத்தனை மானிட்டர் வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

இப்போது லேப்டாப் ஒன்றில்தான் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்று முடிக்கும் டிரேடிங்) செய்கிறேன், நான்கு மானிட்டர் வைத்து வீட்டில் ஒரு செட்டப் போடலாமா, அதற்கு எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்து, இரண்டு மானிட்டரில் ஆரம்பியுங்கள். மூன்றாவதற்குப் போகும் முன் மின்சாரத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் மாற்று ஏற்பாடு செய்துவிடுங்கள். நான்காவது பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

மானிட்டர் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதில் எதை வைப்பது என்று யோசிப்பதுதான் பலரும் செய்வது. தலைகீழாகச் செய்யுங்கள். மார்க்கெட் ஓடும்போது எதெது எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எதெது தேவைப்படும்போது திறந்தால் போதும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பட்டியலில் வரக்கூடியவை நீங்கள் டிரேட் செய்யும் சார்ட், அதே சார்ட்டின் பெரிய டைம்ஃப்ரேம், ஆர்டர் விண்டோ, ஓப்பன் பொசிஷன்கள் (இன்னும் முடிக்காத டிரேடுகள்), மார்க்கெட் டெப்த் (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) அல்லது ஆப்ஷன் செயின் (ஆப்ஷன்களின் விலைப் பட்டியல்), அவ்வளவுதான். செய்தி, வாட்ச்லிஸ்ட்டில் இருக்கும் மற்ற இருபது பங்குகளின் சார்ட், சாட் குரூப் எல்லாம் இரண்டாவது பட்டியல். அதையெல்லாம் எப்போதும் திறந்து வைத்தால் எங்காவது ஏதாவது ஆடிக்கொண்டே இருக்கும், நீங்கள் திட்டமிடாத டிரேடுக்குள் கை போய்விடும். சில நாள் வைத்திருந்து விற்கும் ஸ்விங் டிரேடிங் மட்டும் என்றால் ஒரே ஒரு பெரிய மானிட்டரே தாராளம்.

எந்த அளவு வாங்குவது? 24 அங்குலம் என்றால் 1080p (1920 x 1080 பிக்சல்) போதும், 27 என்றால் 1440p (2560 x 1440) எடுங்கள், ஏனென்றால் 27 அங்குலத்தில் 1080p வைத்தால் விலைப் புள்ளிகளின் சின்ன எழுத்துகள் கரடுமுரடாகத் தெரியும், நாள் முழுக்க எண்களையே பார்ப்பவருக்கு அது கண்வலி. 43 அங்குல 4K ஒன்று வாங்கினால், நடுவில் சட்டமே இல்லாமல் நான்கு 21.5 அங்குல 1080p மானிட்டரை ஒட்டி வைத்த மாதிரி. ஆனால் மேசைக்கு நல்ல ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் மூலைகளைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 4Kஐ பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் செருகினால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் கர்சர் இழுத்து இழுத்து நகரும், அந்த நிலையில் ஆர்டர் பட்டனை அழுத்துவது பெரிய எரிச்சல். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். கேமிங் மானிட்டரின் 144, 240 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள், சார்ட்டுக்கு 60 போதும்.

பேனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். பக்கத்தில் வைக்கும் மானிட்டரைச் சாய்வாகத்தான் பார்ப்போம், மலிவான டிஎன் பேனலில் நிறம் மாறித் தெரியும். ஓஎல்இடி பார்க்க அழகுதான், ஆனால் ஒரே இடத்தில் ஒரே விண்டோ மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் வேலை இது, நாளடைவில் அந்தத் தடம் திரையில் படிந்துவிடும் ஆபத்து உண்டு.

நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் ஒரு விஷயம், இரண்டாவது மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். 1080 வரிசைப் பிக்சல் இருந்த இடத்தில் 1920 கிடைக்கும், ஆப்ஷன் செயினில் ஸ்க்ரோல் செய்யாமல் அதிக ஸ்ட்ரைக் விலைகள் (ஆப்ஷனின் ஒப்பந்த விலைகள்) தெரியும், அதற்குக் கீழேயே பொசிஷன் விண்டோவும் நிற்கும். இதற்கு மானிட்டரின் ஸ்டாண்டு சுழல வேண்டும், இல்லையென்றால் பின்பக்கம் 100 x 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருந்தால் தனியாக ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம்.

இனி கம்ப்யூட்டர். வேகமான பிராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, இது போதும். பிரவுசரில் நிறைய சார்ட் டேப் திறப்பவர் என்றால் 32 ஜிபி. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். கார்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, அதிகபட்சம் எத்தனை டிஸ்ப்ளே என்பது. பின்னால் நான்கு போர்ட் இருக்கிறது என்பதாலேயே நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை, விவரப்பக்கத்தில் எண்ணைப் பாருங்கள். லேப்டாப்பையே வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் நேரடியாக ஏற்கும். எம்3ல் மூடியை மூடினால்தான் இரண்டு, எம்4ல் திறந்த நிலையிலேயே இரண்டு. டிஸ்ப்ளேலிங்க் டாக் (யுஎஸ்பி வழியாக மானிட்டரை இணைக்கும் பெட்டி) போட்டு இந்த வரம்பைத் தாண்டலாம், ஆனால் அது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்புவதால் பிராசஸர்மேல் சுமை ஏறும், அதில் ஓரமாக வாட்ச்லிஸ்ட்டை வையுங்கள், ஆர்டர் விண்டோவை வைக்காதீர்கள்.

அதிக மானிட்டர் இருந்தால் ஆர்டர் சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்தால் இணைப்பு தடுமாறாமல் இருக்கும், அதுதான் உண்மையான பலன்.

மூன்றாவது மானிட்டருக்கு முன் மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு, அதாவது யுபிஎஸ், என்று சொன்னதன் காரணம் இதுதான். பொசிஷன் திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் நான்கு திரையும் ஒரே நொடியில் கறுப்பாகிவிடும். ஸ்டாப்லாஸ் (நஷ்டம் ஒரு அளவைத் தொட்டால் பொசிஷனை மூடும் ஆர்டர்) புரோக்கரின் சர்வரில் இருக்கிறதா, உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று அவசியம் தெரிந்து வைத்திருங்கள். மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் சாதாரண ஸ்டாப்லாஸ் சர்வரில் இருக்கும், ஆனால் அதிலேயே உள்ள டிரெய்லிங் ஸ்டாப் (விலை சாதகமாகப் போகப் போகக் கூடவே நகரும் ஸ்டாப்லாஸ்) உங்கள் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. கம்ப்யூட்டர் அணைந்தால் ஸ்டாப் கடைசியாக நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும், விலை உங்களுக்குச் சாதகமாக எவ்வளவு போனாலும் பின்தொடராது. அதனால் யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர், முதன்மை மானிட்டர், முக்கியமாக ரவுட்டர் மூன்றையும் சேர்த்து மாட்டுங்கள், பக்கத்து மானிட்டரை வெளியே விட்டால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். புரோக்கரின் ஆப்பில் லாகின் செய்த நிலையில் மொபைலும் பக்கத்தில் இருக்கட்டும், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில்.