செல்வாக்கு சரிந்த அதிபர் யாரை நீதிபதி ஆக்குவார்?

அமெரிக்க நீதிபதி நியமனங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

மக்கள் செல்வாக்கு போன அதிபர் எப்படியும் அடுத்த தேர்தலில் தோற்கப் போகிறார். நீதிபதி விஷயத்திலாவது கட்சியை மறந்து நல்ல பெயர் தேட மாட்டாரா?

தேடியவர் என்று எல்லோரும் காட்டுவது ஹெர்பர்ட் ஹூவரை. 1932 ஜனவரி, பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சம். 90 வயது ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் உச்ச நீதிமன்றத்திலிருந்து விலகுகிறார். குடியரசுக் கட்சிக்காரரான ஹூவர், அந்த இடத்துக்கு ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பெஞ்சமின் கார்டோசோவைப் பரிந்துரைத்தார். நீதிமன்றத்தில் ஏற்கெனவே இரண்டு நியூயார்க்காரர்களும் ஒரு யூதரும் இருந்தார்கள். கார்டோசோ நியூயார்க்காரர், யூதரும்கூட. அந்தக் காலக் கணக்குப்படி எல்லாமே பாதகம். இருந்தும், நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய மேலவையான செனட்டில் ஒரு குரல்கூட எதிர்க்கவில்லை.

ஆனால் இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1930இல் ஹூவர் பரிந்துரைத்த ஜான் பார்க்கரை செனட் இரண்டே வாக்கில் தோற்கடித்திருந்தது. சொந்தக் கட்சியின் முற்போக்கு செனட்டர்களே அவருக்கு எதிராக நின்றார்கள். அவர்களில் முக்கியமானவர் போரா. ஹூவர் நீட்டிய பட்டியலில் கார்டோசோ கடைசியில் இருந்ததாகவும், தாளைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டீர்களே என்று போரா கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. இன்னொரு தோல்வியைத் தாங்கும் தெம்பு அதிபருக்கு இல்லை. நல்ல பெயர் வந்தது உண்மைதான், ஆனால் அது நெருக்கடி வாங்கித் தந்த பெயர். அந்த நவம்பரில் 48 மாநிலங்களில் 6 மட்டுமே அவருக்குக் கிடைத்தன. 1937இல், ஹூவரைத் தோற்கடித்த ரூஸ்வெல்ட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் செல்லும் என்ற தீர்ப்பை எழுதியவர் இதே கார்டோசோ!

தேர்தலில் தோற்ற பிறகும் நீதிபதிகளைப் போடலாமா? அநியாயம் இல்லையா?

பதவியின் கடைசி நாள் வரை போடலாம், சட்டத்தில் தடை இல்லை. அநியாயமா என்றால், 1801இல் தாமஸ் ஜெஃபர்சன் அப்படித்தான் சொன்னார். அவரிடம் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ் வெளியேறுவதற்குள் அவருடைய கட்சியின் நாடாளுமன்றம் 16 புதிய நீதிபதி இடங்களை உருவாக்க, அவர் தன் ஆட்களால் நிரப்பினார். நூறு சதவீதம் கட்சி வேலை. அடுத்த ஆண்டே ஜெஃபர்சன் தரப்பு அந்த இடங்களை ஒழித்துக் கட்டியது.

அதே வாரங்களில் ஆடம்ஸ் தன் வெளியுறவு அமைச்சர் ஜான் மார்ஷலைத் தலைமை நீதிபதி ஆக்கினார். முதலில், ஏற்கெனவே தலைமை நீதிபதியாக இருந்த ஜான் ஜேயைக் கேட்டார், அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி அப்புறம் அதிபர் பதவியை ஒருமுறைகூடப் பிடிக்காமல் கரைந்து போனது. மார்ஷலோ 34 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 1803இல் நிலைநாட்டியவர் அவர்தான். ஆடம்ஸுக்குக் கட்சி விசுவாசமும் வரலாற்றுப் பெயரும் ஒரே ஆளில் கிடைத்துவிட்டன. இரண்டையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் வழக்கம் அதனால்தான் எனக்குச் சரியாகப் படுவதில்லை.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் சொந்த வக்கீலையே உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பப் பார்த்தாராமே?

ஆமாம், ஹாரியட் மயர்ஸ். 2005 அக்டோபர் 3 அன்று அறிவித்தார். கத்ரீனா புயல் நிவாரணத்தில் சொதப்பல், ஈராக் போரில் இழுபறி என்று புஷ்ஷின் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்த நேரம். செனட்டில் அவர் கட்சிக்கு 55 இடங்கள், ஆகவே எண்ணிக்கை பிரச்சினை இல்லை. போர்க்கொடி தூக்கியது அவருடைய பழமைவாத ஆதரவாளர்கள்தான். நீதிபதியாகவே இருந்திராத மயர்ஸ் எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அப்பா புஷ் 1990இல் கொண்டுவந்த டேவிட் சூட்டர் நாளடைவில் தாராளவாதிகள் பக்கம் போன கசப்பு வேறு. 27ஆம் தேதி மயர்ஸ் விலக, 31ஆம் தேதி சாமுவேல் அலிட்டோ வந்தார். செனட் வாக்கு 58க்கு 42. கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த 2022 தீர்ப்பை எழுதியவர் அவர்.

வெளியே ஆதரவு குறையக் குறைய, வீட்டுக்குள் இருப்பவர்களின் பேச்சைத் தட்ட முடியாமல் போகும். ஹூவரை மறுபக்கம் தள்ளிய அதே பலவீனம், புஷ்ஷைத் தன் பக்கத்தின் ஓரத்துக்கே தள்ளியது.

66 புதிய நீதிபதி இடங்களை பைடன் ஏன் வேண்டாம் என்றார்?

அவசரப்பட்டு நிறைவேற்றியது, இடங்களைப் பிரித்த விதம் சரியில்லை என்பது அவர் சொன்ன காரணம். தேதிகளைப் பாருங்கள். யார் ஜெயிப்பார் என்று தெரியாத 2024 ஆகஸ்டில், இந்த இடங்களைத் தவணை தவணையாக உருவாக்கும் மசோதாவை செனட் ஒருமனதாக ஏற்றது. டிரம்ப் கட்சியின் கையில் இருந்த பிரதிநிதிகள் சபை, அவர் ஜெயித்த பிறகு டிசம்பரில்தான் மசோதாவைக் கையில் எடுத்தது. முதல் தவணை இடங்கள் டிரம்புக்குப் போகும் என்றானதும் பைடன் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். இரு தரப்புமே விளையாடியிருக்கிறது. வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நீதிமன்றங்களுக்குத்தான் நஷ்டம்.

நம்ம திருநெல்வேலி ஸ்ரீனிவாசனுக்கு உச்ச நீதிமன்றம் போகும் வாய்ப்பு வந்ததா?

குடும்ப வேர்தான் திருநெல்வேலி, ஸ்ரீ ஸ்ரீனிவாசன் பிறந்தது சண்டிகரில். 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97க்கு 0 என்று ஒப்புதல் பெற்றவர். 2016இல் ஒபாமாவின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, ஆனால் தேர்வானது மெரிக் கார்லண்ட். எதிர்க்கட்சி கையில் இருந்த செனட், கார்லண்டின் நியமனத்தைப் பரிசீலிக்கும் விசாரணைகூட நடத்தவில்லை. ஒருவகையில் ஸ்ரீனிவாசன் தப்பித்தார்!

தான் போட்ட நீதிபதிகளே கைவிட்டால் அதிபர் என்ன செய்ய முடியும்?

ஒன்றும் செய்ய முடியாது, அது ஆயுட்காலப் பதவி. வாட்டர்கேட் ஊழல் வழக்கில், தன் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1974 ஜூலை 24 அன்று நிக்ஸனுக்கு எதிராக 8க்கு 0 என்று தீர்ப்பு வந்தது. அந்த எட்டுப் பேரில் மூவர் அவர் நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கரும் அதில் ஒருவர். பதினாறாவது நாள் நிக்ஸன் பதவியில் இல்லை.