முழு மெட்டல் பைண்டிங் சரி, ஆனால் பிவட் 18 வேண்டாம்

பனிச்சறுக்கு ஸ்கீயில் பூட்ஸைப் பூட்டி வைக்கும் பைண்டிங்கின் முன்பக்க பிளாஸ்டிக் கூடு இரண்டு சீசனில் இரண்டாவது முறையாக விரிசல் விட்டுவிட்டது, இனி மெட்டல்தான், லுக் கம்பெனியின் பிவட் 18 மாடலை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மெட்டலுக்குப் போவது நல்ல முடிவுதான். ஆனால் 18-இன் டிஐஎன் அளவு (எவ்வளவு விசையில் பூட்ஸ் கழலும் என்பதைக் காட்டும் எண்) 8-இல்தான் தொடங்குகிறது, நீங்கள் சொன்ன உங்கள் அளவோ 7. அதை 8-இல் வைத்து ஓட்டினால், விழும்போது கழல வேண்டிய பூட்ஸ் கழலாமல் போய் முழங்காலில் அடிபடலாம். பிவட் 15 பாருங்கள், அதிலும் முன்பகுதி மெட்டல், 6 முதல் 15 வரை வைக்கலாம்.

எடை கூடும், அது உண்மை. லிஃப்டில் ஏறிச் சறுக்குபவருக்கு அது பெரிய விஷயமில்லை, மலையேறிச் சறுக்குவதென்றால் வேறு கதை. என் பழைய மெட்டல் ஜோடியில் மற்ற ஸ்கீயின் விளிம்பு பட்டுப் பட்டு முன்மூக்கில் பெயின்ட்டே போய்விட்டது, ஆனால் கையால் பிடித்து ஆட்டினால் ஒரு நூல் கூட ஆடாது.

அப்புறம், உங்கள் பூட்ஸ் கிரிப்வாக் அடியா (நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடி), பழைய தட்டை அடியா என்று பார்த்து, அதை ஏற்கும் மாடலையே வாங்குங்கள். மெட்டல் என்பதற்காக பூட்ஸ் சரியாகக் கழல்கிறதா என்று பார்க்கும் வருடாந்திர ரிலீஸ் சோதனையை விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் கிரீஸும் எதிலும் பழசாகும்.