பெண்ணுக்கு எத்தனை வயதில் கல்யாணம்? சரியும் தப்பும் மாறிய கதை (கேள்வி பதில்)

முப்பது வருஷம் கல்லூரியில் சமூக வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். எது சரி, எது தப்பு என்பதை ஒரு சமூகம் எப்படி முடிவு செய்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பொதுப்படையாகப் பேசினால் ஒன்றும் கையில் நிற்காது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த குழந்தைத் திருமணத்தை வைத்தே எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒழுக்கத்தைத் தீர்மானிப்பது யார் அம்மா? பெரும்பான்மையா, மதமா, அரசாங்கமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, அந்த மூன்றுமே பெரும்பாலும் பிந்தி வந்து சேருகிறவை. முதலில் அடிபட்டவரின் வலி வெளியே தெரிய வேண்டும். 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டப்படி, மனைவிக்கு 10 வயது ஆகிவிட்டால் கணவன் அவளோடு உறவுகொள்வது குற்றமில்லை. அது பலருக்கு உறுத்தவும் இல்லை. 1890இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு வந்தது. புல்மணி தாசி என்ற சிறுமிக்குப் பத்து, பதினோரு வயதுதான் இருக்கும். முப்பதைத் தாண்டிய கணவனிடம் அகப்பட்டு இறந்துபோனாள். 10 வயது தாண்டிவிட்டதால் அதை வன்புணர்ச்சி என்று சட்டம் ஏற்கவில்லை. அவனுக்கு ஒரு வருஷக் கடுங்காவல், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் பெண் மருத்துவர்கள், தங்களிடம் வந்த சிறுமிகளின் நிலைமையைப் பட்டியல் போட்டு அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். 'வீட்டு விஷயம்' என்று மூடி வைத்திருந்தது, வயதும் காயமும் எழுதிய காகிதமாக மேசைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது. 1891இல் 10 என்பது 12 ஆனது. கூட்டியது இரண்டே வயது. அதற்கே நாடு கொந்தளித்தது.

கேள்வி: அது வெள்ளைக்காரன் நம் மேல் திணித்த ஒழுக்கம்தானே? (மதுரை)

திலகர் கேட்டதும் இதைத்தான். அந்நிய அரசு நம் வீட்டு வழக்கங்களில் கை வைக்கக்கூடாது என்றார். அதே சமயம், பெண்ணுக்கு 16 வயது ஆகும் முன் கல்யாணம் செய்வதில்லை என்று நாமாக உறுதி எடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவரும் அவர்தான். எனவே எதிர்த்தவர்கள் எல்லோரும் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ருக்மாபாயின் கதையைத் தெரிந்துகொண்டால் 'திணித்தார்கள்' என்ற பேச்சு நிற்காது. பம்பாய்க்காரர். பதினோரு வயதில் கல்யாணம்; பிறகு கணவன் வீட்டுக்குப் போகாமல் பிறந்த வீட்டிலேயே இருந்து படித்தார். 1884இல் கணவன், தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போட்டார். முதல் நீதிபதி, விவரம் புரியாத வயதில் கட்டிக்கொடுத்த பெண்ணை இப்போது கட்டாயப்படுத்த முடியாது என்றார். மேல்முறையீட்டுக்குப் பிறகு, 1887இல் இன்னொரு வெள்ளைக்கார நீதிபதி, கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்புச் சொன்னார். ருக்மாபாய் சிறைக்கே போகிறேன் என்றார்! அடுத்த வருஷம் பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு, லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்தில் வைத்தியம் பார்த்தார். போ என்று உத்தரவு போட்டது வெள்ளைக்காரனின் நீதிமன்றம், முடியாது என்றது நம்மூர்ப் பெண். இதில் யார் யார் மேல் எதைத் திணித்தார்கள்?

கேள்வி: சாஸ்திரம் என்ன சொல்கிறது?

ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கிறது. மனுவிலேயே, 30 வயது ஆணுக்கு 12 வயதுப் பெண் என்றும் இருக்கிறது. பருவமடைந்து மூன்று வருஷம் காத்திருந்த பெண் தானே வரன் தேடிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. 1891இல் இரண்டு கட்சிக்காரர்களும் சாஸ்திரத்தைக் காட்டித்தான் சண்டை போட்டார்கள். ஆர். ஜி. பண்டார்கர் போன்ற பெரிய சமஸ்கிருத அறிஞர் சீர்திருத்தப் பக்கம் நின்றார். எந்த வரியை எடுத்துப் படிப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு 12 வயதில் கல்யாணம். அப்படியானால் என் கொள்ளுத் தாத்தா கெட்டவரா? எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. (கோவில்பட்டி)

எனக்கும் அதே கஷ்டம் உண்டு. என் ஆச்சிக்கு 1936இல் கல்யாணம், வயது பதினொன்று. கணவன் வீட்டுக்கு அனுப்பியபோது தகரப் பெட்டிக்குள், சேலைக்கு அடியில், ஒரு மரப்பாச்சியை ஒளித்துக் கொண்டுபோனாளாம். மாமியார் பார்த்துவிட்டு அதைக் குதிருக்கு மேலே வைத்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, கை எட்டாத உயரத்தில் வைத்தார். எண்பது வயதிலும் ஆச்சி அந்தக் குதிரின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டுவாள்.

அவளுடைய அப்பா நல்ல மனிதர். பஞ்ச காலத்தில் ஊருக்குக் கஞ்சி ஊற்றியவர். மகள் வயதுக்கு வந்து வீட்டில் இருந்தால் ஊர் பேசும் என்று பயந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்லவும் தயக்கம் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், தாயே. பாரதியாருக்குக் கல்யாணம் ஆனபோது அவருக்கு 14, செல்லம்மாளுக்கு 7. பின்னாளில் பெண் விடுதலைக்காக அவர் எவ்வளவு உரத்துப் பேசினார்! ஒரே மனிதருக்குள்ளேயே காலம் இப்படித் திரும்பியிருக்கிறது.

கேள்வி: சட்டம் போட்டால் மனசு மாறிவிடுமா? (வழக்கறிஞர், சேலம்)

ஆச்சியின் கல்யாணமே அதற்குப் பதில். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. இடைப்பட்ட ஆறு மாதத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக்கூட அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். 1931 கணக்கெடுப்பில் குழந்தை மனைவிகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. மீறியவருக்கு அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். கல்யாணம் மட்டும் செல்லும். ஆச்சி வீட்டுக்கு எந்த அதிகாரியும் வரவில்லை.

அப்படியானால் சட்டம் வீணா? இல்லை. 'வேண்டாம்' என்று நினைத்த ஒரு தாய்க்கோ அண்ணனுக்கோ அது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. ஆனால் பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் நிலைமை நிஜமாக மாறியது. சகோதரி சுப்பலட்சுமி தானே குழந்தை விதவை; 1911இல் பட்டம் வாங்கி, சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்திப் படிக்க வைத்தார். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. உதவி வேண்டுமானால் பெண் எட்டாவதாவது படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெண்ணைப் படிக்க வைப்பதே மரியாதை என்ற எண்ணம் இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் கல்யாணம் ஆனவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. எட்டில் ஒரு பெண்! பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: காலத்துக்குக் காலம் மாறும் என்றால், நிரந்தரமான அறம் என்று ஒன்று இல்லையா?

பெண் பிள்ளைக்கு நல்லது செய்ய வேண்டும் என்பதை 1891இல் எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை. அவளுக்கு எது நல்லது என்று சொல்லும் உரிமை அப்பாவிடமும் புரோகிதரிடமும் மட்டும் இருந்தது. அந்தப் பேச்சில் அவளுக்கும் இடம் கிடைத்தபோது முடிவு மாறியது. அது வெறும் ரசனை மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. கண் திறந்தது என்றே நினைக்கிறேன். சுமக்கிறவரைக் கேட்காமல் செய்த தீர்மானம் எந்தக் காலத்திலும் அரைகுறைதான். நம் காலமும் இதற்கு விலக்கில்லை. 15 முதல் 18 வயது வரையுள்ள மனைவியோடு கணவன் கட்டாயமாக உறவுகொண்டாலும் வன்புணர்ச்சி இல்லை என்ற விலக்கு, 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை நம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

கேள்வி: 17 வயதில் காதலித்து ஓடிப்போகிறவர்களை என்ன சொல்வீர்கள்?

கல்யாணம் 18க்குப் பிறகுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒத்த வயதுப் பையனைப் போக்சோவில் (சிறார் பாலியல் குற்றச் சட்டம்) வருஷக்கணக்காக அலைய விடுவது சரியா என்பது இன்னும் தீராத வழக்கு. என் மனசு அந்தப் பிள்ளைகள் பக்கம்தான் சாய்கிறது.

கேள்வி: பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மண்டபம்கூடப் பிடித்தாகிவிட்டது. பழகின குடும்பம். நான் தலையிடலாமா? (தருமபுரி)

தலையிடுங்கள். பழகின குடும்பம் என்பதால் முதலில் தாயிடம் பேசிப் பாருங்கள். பெண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்டச் சமூகநல அலுவலரிடம் சொல்லுங்கள். 2006ஆம் வருஷச் சட்டப்படி நீதிமன்றம் முன்கூட்டியே தடை போடலாம்; தடையை மீறிக் கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. தடை இல்லாமல் நடந்துவிட்டாலும், பெண் 20 வயது ஆவதற்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் தாலி ஏறிய பிறகு ஓடுவதைவிட இப்போது தடுப்பது அவளுக்கு நல்லது. பெண்ணின் வயது, பள்ளிக்கூடம், மண்டபம், தேதி இவற்றைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு, இன்றைக்கே கூப்பிடுங்கள்.