இரண்டு நிமிடம் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவை மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1,800 பேர், நாளுக்கு மூன்று நிறுவை, பத்து வருடக் கணக்கு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், நிமிடத்துக்கு 7,200 சுழற்சி உள்ள பழைய டிஸ்க். சேவைக்காலப் பணத்துக்காக ஒருவருடைய முழுக் கணக்கைக் கேட்டால் இரண்டு நிமிடம் எடுக்கிறது. என் லேப்டாப்பில் ஒரு மாதக் கணக்கை ஏற்றிச் சோதித்தபோது கண் இமைக்கும் முன் வந்தது! துரை (தோட்ட மேலாளர்) இன்னும் இரண்டு டிஸ்க் போடலாம் என்கிறார். வாங்கும் முன் தாளில் ஒரு கணக்கு மாதிரி போட்டுப் பாருங்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சோதனையே பொய் சொல்லும்போது மாதிரி எதற்கு?

அன்புள்ள தம்பி,

சோதனை பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. ஒரு பதிவு 80 பைட் என்று வையுங்கள் (கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்). ஒரு மாதம் என்பது 11 எம்பி, முழுவதும் மெமரியில் உட்கார்ந்துவிடும். பத்து வருடம் 1.3 ஜிபி, போஸ்ட்கிரெஸ்ஸோ நீங்கள் மாற்றாதவரை தனக்கென்று 128 எம்பிதான் எடுத்துக்கொள்ளும்.

சரி, பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) தாள் ஒன்றின் பின்பக்கத்தை எடுங்கள். வருடம் 300 நாள் என்றால் ஒருவருக்கு 9,000 பதிவு. எல்லாம் நாள் வரிசையில் கிடப்பதால், ஒருவருடைய ஒரு நிறுவைக்கும் அடுத்த நிறுவைக்கும் நடுவே மற்ற 1,799 பேரும் வந்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கிலிருந்து 8 கேபி துண்டு துண்டாகத்தான் படிக்கும், அதற்குப் பெயர் பக்கம்; அந்தக் கணக்கில் அடுத்த நிறுவை 18 பக்கம் தள்ளி. ஆக 9,000 பதிவுக்கு 9,000 பக்கம். டிஸ்க்கின் தலை நகர ஏறக்குறைய 9 மில்லி விநாடி, தட்டு சுற்றி வர சராசரி 4. பெருக்குங்கள், 117 விநாடி. உங்கள் இரண்டு நிமிடம் அங்கேதான் போகிறது.

துரையின் யோசனையையும் இதே தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கைக்கு வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிற வேலைக்கு எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான் ஓடும், மற்றவை சும்மா நிற்கும். எந்தப் பதிவு எந்தப் பக்கத்தில் என்று காட்டுகிற இன்டெக்ஸே வேண்டாம் என்று முழு டேபிளையும் வரிசையாகப் படித்தால்கூட, விநாடிக்கு 130 எம்பி கணக்கில் 10 விநாடியில் முடிந்துவிடும். முதல் தடவை இந்தக் கணக்கு வந்தபோது நான் நம்பாமல் திரும்பப் போட்டேன்.

ஆள்வாரியாக அடுக்கினால் ஒருவருக்கு 90 பக்கம், ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் எப்போதும் அப்படியே வைத்திருக்க நினைத்தால் எழுதும்போது இடிக்கும்: இப்போது எல்லோருடைய ஒரு நிறுவையும் கடைசி 18 பக்கத்தில் முடிகிறது, அப்போது 1,800 இடத்துக்கு ஓட வேண்டும், படிக்க ஒன்று எழுத ஒன்று என்று வைத்தால் 47 விநாடி. நாள் முழுக்கப் பரவினால் ஒன்றுமில்லை. மலையில் சிக்னல் இல்லாமல் சேர்த்து வைத்த போன்களெல்லாம் ஸ்டோருக்கு வந்ததும் ஒன்றாகக் கொட்டினால், மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) மழைக்கு முன்னால் கூடுகிற வரிசைதான். அதனால் சராசரியை நம்பாமல், ஒரு வாரத்துப் பதிவு நேரங்களை அப்படியே எடுத்து ஒரு சின்ன நிரலில் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

உங்களுக்குப் பாதி வழி போதும். போஸ்ட்கிரெஸ்ஸின் கிளஸ்டர் கட்டளை கொடுத்த அன்று மட்டுமே அடுக்கும், பிறகு வருவது பழையபடி பின்னால் போய் விழும். மாதம் ஒரு ஞாயிறு ஓட்டினால், அடுக்காமல் கிடப்பது ஆளுக்கு 75 பதிவு, அதாவது ஒரு விநாடி. ஓடும்போது டேபிள் பூட்டிக்கொள்ளும். டேபிள், இன்டெக்ஸ் அளவுக்கு இடமும் காலியாக இருக்க வேண்டும்.

துரை எதையாவது வாங்கியே தீருவேன் என்றால் சுழலும் தட்டே இல்லாத ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 0.1 மில்லி விநாடி வைத்தால் அந்த 9,000 பக்கமும் ஒரு விநாடிக்குள் வந்துவிடும், அப்புறம் அடுக்குகிற வேலையே இல்லை.