வாஷிங்டன்: ஊர்ப் பெயர் குடும்பப் பெயரான கதை (கேள்வி பதில்)

ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் வாஷிங்டனைப் பற்றியே. சரி, இந்த முறை அது மட்டும்.

கேள்வி (ஈரோடு): 'வாஷிங்' என்று இருக்கிறதே, துணி துவைக்கும் தொழிலில் வந்த பெயரா?

இல்லை. துணித் தொழிலில் வந்த ஆங்கிலப் பெயர்கள் வேறே உண்டு. நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துக் கெட்டியாக்கியவர் வாக்கர். துவைத்தவர் லாவெண்டர். பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாஷிங்டன் ஓர் ஊர். இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் பக்கம், இன்றைய சண்டர்லாண்டுக்கு அருகில். பழைய ஆங்கிலத்தில் 'டன்' என்றால் பண்ணை, குடியிருப்பு. நடுவில் வரும் 'இங்' இன்னாரைச் சேர்ந்த என்று காட்டும். வாஸ்ஸா என்பதுபோல ஏதோ ஒரு பெயர் கொண்ட ஆளின் பண்ணை, அவ்வளவுதான்.

கேள்வி (நாகர்கோவில்): ஊர்ப் பெயரை முதலில் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது யார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆளின் பெயர் வில்லியம். முதலில் அவர் வில்லியம் டி ஹெர்ட்பர்ன், அதாவது ஹெர்ட்பர்ன் ஊர்க்காரர். டர்ஹாம் பிஷப்பிடம் அந்த ஊரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். பிஷப்பின் நிலங்களுக்கு 1183இல் எடுத்த கணக்கேடு ஒன்று இருக்கிறது, போல்டன் புத்தகம் என்பார்கள். அதில் இவர் கணக்கும் வருகிறது: தேவாலயமும் அதன் நிலமும் நீங்கலாக வாஷிங்டன் இவருடையது, ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், பிஷப் பெருவேட்டைக்குக் கிளம்பினால் நான்கு வேட்டை நாய்களோடு கூடப் போக வேண்டும்.

ஊர் மாறியதும் பெயரும் மாறி, வில்லியம் டி வெஸ்ஸிங்டன் (வாஷிங்டனின் பழைய வடிவம்) ஆகிவிட்டார். அன்று அந்த நிலம் கைமாறாமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் ஹார்ட்பர்ன் (ஹெர்ட்பர்னின் இன்றைய வடிவம்). நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கேட்பதுபோல இருந்திருக்கும்!

கேள்வி (மதுரை): அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் பட்டையும் இந்தக் குடும்பச் சின்னத்திலிருந்து வந்தவை என்கிறார்களே?

சொல்கிறார்கள், ஆதாரம் கிடையாது. சின்னம் என்னவோ உண்மைதான்: வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். ஆனால் கொடியைப் பற்றிய 1777 தீர்மானத்தில் இந்தக் குடும்பத்தின் பேச்சே இல்லை. சின்னத்தை அப்படியே எடுத்துக்கொண்டது வாஷிங்டன் டி.சி. நகரக் கொடி, அதுவும் 1938இல்தான்.

கேள்வி (கோவை): டர்ஹாமிலிருந்து அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்கள்?

நேராகப் போகவில்லை. ஒரு கிளை தெற்கே இறங்கி நார்த்தாம்டன் வந்து கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் 1539இல் சல்கிரேவ் என்ற ஊரில் 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்னிக்கு மடத்து நிலத்தை வாங்கி வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

அவர் வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ் எசெக்ஸில் பாதிரியார். இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த நேரம், மன்னர் பக்கம் சாய்ந்தவர்களுக்குப் போதாத காலம். 1643இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சாராயக் கடையே கதியென்று கிடந்தார் என்பது குற்றச்சாட்டு. எதிர்க்கட்சிக்காரர்கள் எழுதி வைத்தது, பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும். எப்படியோ, குடும்பம் நொடித்துப்போனது. மகன் ஜான் புகையிலைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வர்ஜீனியா போனார். 1657இல் திரும்பும் நேரத்தில் பொட்டோமக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கி, கல்யாணமும் செய்துகொண்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்.

கேள்வி (சேலம்): அமெரிக்காவில் இந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்று படித்தேன். அத்தனை பேரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகள் வழி வந்தவர்களா?

முதல் பாதி சரி. 2000 கணக்கெடுப்பில் இந்தப் பெயர்க்காரர்கள் 1,63,036 பேர், அதில் 90 சதவீதம் கறுப்பினத்தவர்.

இரண்டாம் பாதியில் கணக்கு உதைக்கிறது. 1799இல் ஜார்ஜின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். 1800இல் சுமார் பத்து லட்சமாக இருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் 2000இல் மூன்றரைக் கோடியை நெருங்கினார்கள், அதாவது 35 மடங்கு. 317 பேரும் அவர் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாலும் இன்று பதினோராயிரம் சொச்சம்தான் தேறும். மற்றவர்கள்? அடிமைமுறை 1865இல் ஒழிந்தபோது பலருக்குக் குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. சிலர் பழைய முதலாளியின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் கேள்விப்பட்ட பெரிய பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அடிமையாகப் பிறந்து பெரிய கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் தன் கதையை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் முதல்நாள் பெயர் கூப்பிடுகிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், மூன்று பெயர். இவருக்கு வெறும் புக்கர். முறை வருவதற்குள் யோசித்து, 'புக்கர் வாஷிங்டன்' என்று நிதானமாகச் சொல்லிவிட்டார். அவருடைய மாற்றாந்தகப்பனின் முதல் பெயர் வாஷிங்டன்.

கேள்வி (புதுச்சேரி): அப்படியானால் ஜார்ஜின் அடிமைகளில் ஒருவர்கூட அந்தப் பெயரை எடுக்கவில்லையா?

எடுத்தவர் உண்டு. ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்தவர். சுதந்திரப் போரின்போது மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பி பிரிட்டிஷ் படையோடு சேர்ந்துகொண்டார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களின் பதிவேட்டில் இவருக்கு ஒரு வரி: வயது 43, நல்ல ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழாண்டுக்கு முன் விட்டு வந்தவர். முதலில் கனடாவின் நோவா ஸ்கோஷியா, பிறகு 1792இல் சியரா லியோன். அங்கே நிலவரி கேட்ட நிர்வாகத்துக்கு எதிராக 1800இல் கிளர்ச்சி செய்தவர்களில் இவரும் ஒருவர், அதற்காக நாடு கடத்தப்பட்டார். முன்னாள் எஜமானரும் வரிச் சண்டையில் புகழ் பெற்றவர்தானே.

கேள்வி (சென்னை): நம்ம வாஷிங்டன் சுந்தர்?

இதைக் கேட்காமல் விடுவீர்களா! அவருக்கு அது குடும்பப் பெயரே இல்லை, சொந்தப் பெயர். சுந்தர்தான் அப்பா பெயர். அப்பா சிறுவனாக இருந்தபோது திருவல்லிக்கேணியில் அக்கம்பக்கத்தில் வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரர் இருந்தார். பள்ளிக் கட்டணம், சீருடை எல்லாம் பார்த்துக்கொண்டார். அந்த நன்றிக்கு மகனுக்கு வைத்த பெயர்.

கேள்வி (பெங்களூரு): என்னோடு வேலை செய்யும் ஆங்கிலேயர் ஒருவர் வாஷிங்டன் குடும்பம். ஜார்ஜின் நேர் வாரிசு என்கிறார். நம்பலாமா?

நேர் வாரிசாக இருக்க முடியாது, ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. பங்காளி வழியில் வேண்டுமானால் உறவு இருக்கலாம். ஒன்று விசாரியுங்கள்: அவர் முன்னோர் டர்ஹாம் பக்கமா, சசெக்ஸ் பக்கமா? சசெக்ஸிலும் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கிருந்தும் இந்தப் பெயரோடு குடும்பங்கள் கிளம்பியிருக்கலாம். சசெக்ஸ் என்றால் கப்பல், தலைநகர், கொடி எதிலும் அவருக்குப் பங்கு கிடையாது. பக்குவமாகச் சொல்லுங்கள், மேலதிகாரியாக இருக்கப்போகிறார்.